சைக்கிளை எது இடித்தது? விபத்துக் காயத்தை எழுதும் முறை

மேல்விஷாரத்தில் டேனரிக்கும் ஷூ கம்பெனிக்கும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த சைக்கிள் இருக்கிறது. ஊரை ஒட்டி ஓடுகிறது சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை. இவர்களில் ஒருவர் அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தால், கேஷுவாலிட்டி சீட்டில் பல நேரம் ‘ஆர்.டி.ஏ.’ (சாலை விபத்து) என்று மட்டும் எழுதி முடித்துவிடுகிறார்கள்.

அந்தச் சீட்டை வைத்துக் குறியீடு போடுகிறவருக்கு வேறு வழியில்லை. நோய், காயக் குறியீடுகளுக்கான பன்னாட்டுப் பட்டியலான ஐ.சி.டி.-10இல் வி89.2 என்று போடுவார். ஏதோ ஒரு மோட்டார் வாகன விபத்து என்பதுதான் அதன் பொருள். சைக்கிளில் வந்தவர் கணக்கிலிருந்தே மறைந்துவிடுகிறார். எந்தச் சந்திப்பில் சைக்கிள்காரர்கள் அடிபடுகிறார்கள் என்று நாளை யாராவது தேடினால் அவர் அகப்படமாட்டார். கோடர் எவ்வளவு திறமைசாலியானாலும் சீட்டில் இல்லாததைச் சேர்க்க முடியாது. ஆகவே வேலை கேஷுவாலிட்டியில் தொடங்குகிறது.

முதலில் கேட்க வேண்டியவை. நோயாளி சைக்கிளை ஓட்டினாரா, கேரியரில் உட்கார்ந்து வந்தாரா, இறங்கும்போது அடிபட்டாரா? எது இடித்தது? ‘வண்டி இடிச்சிருச்சு’ என்று சொன்னால் பைக்கா, ஆட்டோவா, காரா, லாரியா என்று கேட்டே ஆகவேண்டும். ஒன்றும் இடிக்காமல் பள்ளத்தில் சறுக்கி விழுந்தாலும் அதை எழுத வேண்டும். எங்கே நடந்தது? நெடுஞ்சாலையா, ஊருக்குள் தெருவா, கம்பெனி வளாகமா? எத்தனை மணிக்கு? தலைக்கவசம் இருந்ததா, நினைவு தப்பியதா, வாந்தி எடுத்தாரா? சொல்கிறவர் தமிழில் சொன்னாலும் உருதுவில் சொன்னாலும், சொன்னது நோயாளியா, உடன் வந்தவரா, 108 ஊழியரா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘லாரிக்காரர் தாறுமாறாக ஓட்டினார்’ என்று மருத்துவர் தீர்ப்பு எழுதக்கூடாது. ‘பின்னால் வந்த லாரி இடித்ததாகச் சொல்கிறார்’ என்பது போதும்.

அடுத்தது ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேடு. சாலை விபத்து என்றால் அதில் ஏற்றிக் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். நோயாளி வந்த நேரம், அழைத்து வந்தவர், இரண்டு அங்க அடையாளம், காயம் ஒவ்வொன்றின் வகை, பக்கம், சென்டிமீட்டரில் அளவு எல்லாம் அதில் வரவேண்டும். தப்பாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோட்டால் அடித்துக் கையெழுத்தும் தேதியும் போடுங்கள். வெள்ளை மை பூசிய ஏ.ஆர். காப்பி நீதிமன்றத்தில் கேள்விக்கு உள்ளாகும். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவுப்படி எலும்போ பல்லோ உடைந்தால் அது கொடுங்காயம். 15 நாள் கடும் வலியில் கிடந்தாலும், வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனாலும் அப்படியே. முகத்தில் அடிபட்டவரின் பல்லைப் பார்க்காமல் விடுவது அவர் வழக்கையே பலவீனமாக்கும்.

இந்தப் பகுதியில் முதலுதவி ஓரிடத்திலும் அறுவை சிகிச்சை வேறிடத்திலும் நடப்பது வழக்கம். வாலாஜா அரசு மருத்துவமனையிலிருந்து அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, வேலூர் சி.எம்.சி.யின் ராணிப்பேட்டை வளாகத்துக்கோ அனுப்பும் கடிதத்தில் ஏ.ஆர். எண்ணும், விபத்து நேரமும், ‘சைக்கிள்’ என்ற சொல்லும் கட்டாயம் இருக்கட்டும். 2021 டிசம்பர் 18இல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் கட்டணமில்லாச் சிகிச்சை முதல் 48 மணி நேரத்துக்கு என்பதால், விபத்து நேரத்தை ஊகத்தில் எழுதக்கூடாது.

பரிசோதனையில் சைக்கிளுக்கென்றே உரிய இரண்டு காயங்களை மறக்கவேண்டாம். ஹேண்டில்பார் முனை வயிற்றில் குத்திய குழந்தைக்கு வெளியே சிறு சிராய்ப்பு மட்டும் தெரியும். உள்ளே மண்ணீரலோ கணையமோ கிழிந்திருக்கலாம். ‘ஹேண்டில்பார் குத்தியது’ என்று எழுதியிருந்தால்தான் அடுத்து வரும் மருத்துவர் வயிற்றை மறுபடி தொட்டுப் பார்ப்பார், ஸ்கேன் கேட்பார். மற்றொன்று, கேரியரில் உட்கார்ந்த குழந்தையின் குதிகால் ஸ்போக்கில் சிக்குவது. முதல் நாள் சாதாரணமாகத் தெரியும் தோல் பிறகு கருத்து உரியக்கூடும்.

இப்போது குறியீடு. ஷூ கம்பெனித் தொழிலாளி ஒருவர் சைக்கிளில் வேலைக்குப் போகிறார், தெருவில் பைக் இடிக்கிறது, இடது மணிக்கட்டில் ரேடியஸ் எலும்பின் கீழ்முனை உடைகிறது, தோல் கிழியவில்லை என்று வைத்துக்கொள்வோம். சிகிச்சைப் பதிவில் காயம் முன்னே, காரணம் பின்னே. காயம் எஸ்52.5. காரணத்துக்கு வி10 முதல் வி19 வரையுள்ள சைக்கிள் வரிசையைத் திறக்க வேண்டும். பாதசாரியோ விலங்கோ என்றால் வி10, இன்னொரு சைக்கிள் வி11, பைக்கோ ஆட்டோவோ வி12, கார் அல்லது வேன் வி13, லாரி அல்லது பஸ் வி14, ரயில் வி15, மாட்டுவண்டி போன்றவை வி16, கம்பம் அல்லது நின்ற பொருள் வி17, மோதலின்றி விழுந்தால் வி18. நம் தொழிலாளிக்கு வி12. நான்காம் இடத்தில் சாலையில் ஓட்டினவர் என்றால் 4, பின்னால் உட்கார்ந்தவர் என்றால் 5. முடிவு வி12.4. அதே மோதல் கம்பெனி வளாகத்துக்குள் நடந்திருந்தால் அது பொதுச்சாலை அல்ல, வி12.0 ஆகிவிடும். இடத்தைக் கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

சென்னைக்குப் போய் அமெரிக்க சார்ட்டுகளைக் கோடிங் செய்யும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு, அமெரிக்கப் பட்டியலின்படி, இதே காயம் எஸ்52.502ஏ, காரணம் வி12.4எக்ஸ்எக்ஸ்ஏ. கடைசி ‘ஏ’ முதல் வருகையைக் குறிப்பதென்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, காயத்துக்கான நேரடிச் சிகிச்சை (ஆக்டிவ் ட்ரீட்மென்ட்) நடக்கும்வரை ‘ஏ’தான், ஆறும் கட்டத்தில் ‘டி’, விட்டுச்சென்ற குறைபாட்டுக்கு ‘எஸ்’. பேட்டரி சைக்கிள் அங்கே 2022 அக்டோபர் முதல் மோட்டார் சைக்கிள் வரிசையான வி20 - வி29க்குள் தனியிடம் பெற்றுவிட்டது, கவனம்.

தொழிலாளி ஈ.எஸ்.ஐ.யில் இருந்தால் ‘வேலைக்குப் போகும் வழியில்’ என்ற மூன்று சொல்லையும் விடாதீர்கள். ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 2010 திருத்தத்திலிருந்து வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் நடுவே நடக்கும் விபத்தும், நேரம், இடம், சூழ்நிலை ஆகியவற்றில் வேலையோடு தொடர்பு இருந்தால், வேலைக்காயமாகவே ஏற்கப்படுகிறது. சீட்டில் அந்தக் குறிப்பு இல்லாத தொழிலாளி பிறகு அதை நிரூபிக்க அலைவார்.

உயிர் போய்விட்டால் வரிசை மாறும். இறப்புக் கணக்கில் அடிப்படைக் காரணம் காயம் அல்ல, விபத்தே. இறப்புக் காரணச் சான்றான படிவம் 4இல் ‘தலைக்காயம்’ என்று நிறுத்தினால் அந்த மரணம் எதில் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. காயம் எப்படி ஏற்பட்டது என்று கேட்கும் இடத்தில் ‘சைக்கிள் ஓட்டிச் சென்றவர் மீது நெடுஞ்சாலையில் லாரி மோதியது’ என்று முழு வரியாக எழுதுங்கள், வி14.4 அந்த வரியிலிருந்துதான் கிடைக்கும்.