முசுறு கட்டும் மனை

மாமரக் கிளையில் இலைகள் பல ஒன்றோடொன்று ஒட்டிப் பந்துபோல் திரண்டிருத்தலை மாணவர் பலரும் கண்டிருப்பர். அது முசுறு என்னும் செவ்வெறும்பின் கூடு. பழந்தமிழர் இதனை முயிறு என வழங்கினர்.

எறும்பிடம் ஊசியும் இல்லை, நூலும் இல்லை. பின் அஃது இலைகளைத் தைப்பது எங்ஙனம்? ஓர் இலையின் விளிம்பைக் காலாற் பற்றி, மற்றோர் இலையின் விளிம்பைத் தாடையாற் கவ்வி, பல எறும்புகள் வரிசையாய் நின்று இழுக்கும். இடைவெளி பெரிதாயின், ஒன்றன் இடையை மற்றொன்று கவ்விச் சங்கிலிபோல் தொடரும். இலைகள் நெருங்கியதும், வேறு சில எறும்புகள் தம் கூட்டத்து இளம்புழுக்களை வாயில் ஏந்தி வரும். புழுவின் வாயினின்று பட்டிழை சுரக்கும். தறியில் ஓடும் நாடாவைப் போல அப்புழுவை இங்கும் அங்கும் இயக்கி, எறும்புகள் இலைகளைப் பிணைத்துவிடும்.

வேறு எறும்பினங்கள் பலவற்றில் புழு தன் இழையால் தனக்கே உறை அமைத்துக்கொள்ளும். முசுறின் புழுவோ தன் இழையை ஊர்க்கு ஈந்துவிட்டு, உறையின்றியே அடுத்த பருவம் எய்தும். அவ்விழையால் ஆகிய பொதுமனையே அதற்குக் காப்பு.

இக்குடியில் உழைப்பன யாவும் பெண் எறும்புகளே. முட்டையிடுதல் அரசியின் கடன். பகை நெருங்கின், உழைப்பாளி எறும்புகள் கடித்த புண்ணில் எரியும் அமிலத்தைப் பாய்ச்சித் தம் மனையைக் காக்கும். மரத்தைக் கெடுக்கும் பூச்சிகளையும் இவை வேட்டையாடும். ஆதலின், தென்சீன உழவர் பன்னூறு ஆண்டுகளாக இவற்றின் கூடுகளைத் தம் ஆரஞ்சு மரங்களில் வைத்துப் பேணினர்.

முசுறின் கூட்டைக் கோலால் கலைக்க எண்ணும் சிறுவன், அதன் ஒவ்வோர் இழையும் ஓர் இளங்குழவியின் கொடை என்பதை நினைப்பானாக.