வெந்நீர் முதல்ல, வினாகிரி அப்புறம்

தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியஸுக்குக் கீழே போனா உறைஞ்சிடும். நானுஓயா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீற்றர் உயரத்துல இருக்கு. பக்கத்து நுவரெலியாவில சராசரி வெப்பநிலையே 16 பாகைதான். சோத்துக் கோப்பையைப் பச்சைத்தண்ணியில எவ்வளவு தேய்ச்சாலும் வழுவழுப்பு போகாததுக்குக் காரணம் இதுதான். கொழும்புப் பக்கத்து வீடியோக்கள்ல இதை யாரும் சொல்ல மாட்டாங்க, அங்க எண்ணெய் உறையிறதில்லை. அதனால தங்கச்சிமாரே, எந்தக் குறிப்பைச் செய்யுறதுக்கும் முன்னால அடுப்புல ஒரு கேத்தல் தண்ணியை ஏத்திடுங்க.

எண்ணெய்க்கும் கரிக்கும் சாம்பலை மிஞ்சின மருந்து நம்ம குசினியில இல்லை. கவ்வாத்து மிலாறு எரிஞ்ச வெள்ளைச் சாம்பலைச் சலிச்சு ஒரு டின்னுல போட்டு வைங்க. சாம்பல்ல காரம் இருக்கு. வெந்நீரோட சேரும்போது அந்தக் காரம் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமா சவர்க்காரமாவே மாத்திடும். தேங்காய்த் தும்பால தொட்டுத் தேய்ச்சா சில்வர்ப் பாத்திரம் பளிச்சுனு வரும். 2022ல சவர்க்கார விலை ஏறினப்போ பலபேர் இதுக்குத் திரும்பினாங்க, அப்புறம் மறந்தும் போனாங்க.

ஆனா அலுமினியச் சட்டிக்கு உள்ளே சாம்பலும் வேண்டாம், அப்பச்சோடாவும் வேண்டாம். காரம் பட்டா அலுமினியம் கறுக்கும், நாளாவட்டத்துல அரிக்கும். அதுக்குப் புளிப்புதான் சரி. பிழிஞ்ச தேசிக்காய்த் தோலைத் தண்ணியோட போட்டு பத்து, பதினைஞ்சு நிமிஷம் கொதிக்க விடுங்க. தோட்டத்துல தேசிக்காய் விக்கிற விலைக்கு முழுக்காயை யாரும் பாத்திரத்துல தேய்க்க மாட்டாங்க. சாறு சமையலுக்கு, தோல் சட்டிக்கு. ரசத்துக்குக் கரைச்ச புளிச்சக்கையையும் வீசாதீங்க. கொஞ்சம் உப்போட அதைத் தேய்ச்சா வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு மின்னும். தேய்ச்சதும் கழுவி உடனே துடைச்சிடணும், ஈரத்தோட விட்டா மறுபடி மங்கிடும்.

விறகடுப்புல ஏத்துற சட்டிக்கு, சமைக்கிறதுக்கு முன்னாலயே அடிப்பக்கம் சாம்பலைத் தண்ணியில குழைச்சுப் பூசிடுங்க. கரியெல்லாம் அந்தப் பூச்சு மேலதான் படியும், கழுவும்போது பூச்சோடயே போயிடும். அம்மாமார் காலத்து வேலை. இதைவிடச் சுகமான வழியை நான் இன்னும் பார்க்கலை.

குசினிச் சுவர்ல பிடிக்கிற புகைக்கரி வேற சாதி. அது பிசுபிசுப்பானது. முதல்லயே தண்ணி ஊத்தினா வழிஞ்சு சுவர் பூராவும் கோடு போடும். காய்ஞ்ச விளக்குமாத்தால மேலேயிருந்து தட்டி இறக்கிட்டு, பெயின்ட் அடிச்ச சுவரா இருந்தா வெந்நீர்ல அப்பச்சோடாவைக் கரைச்சுத் துணியால துடைங்க. லயத்துக் காம்பராவில சுண்ணாம்பு அடிச்ச சுவரா இருந்தா தேய்க்கிறதே வீண். தைப்பொங்கலுக்கு முன்னால மழை விட்ட நாளாப் பார்த்து ஒரு கை வெள்ளை அடிச்சிடுங்க. சுண்ணாம்பே பூஞ்சணத்தை அடக்கும். அந்தச் சுவர்ல வினாகிரி தெளிச்சா சுண்ணாம்பைத்தான் அது தின்னும். ஏழு பேர்ச் காணியில தனிவீட்டுக்குப் போனவங்க வீட்டுச் சீமெந்துத் தரைக்கும் வினாகிரி ஆகாது. யன்னல் கண்ணாடி, பெயின்ட் அடிச்ச அலமாரி, மாபிள் இல்லாத டைல்ஸ், இதுகளுக்கு மட்டும் வச்சுக்குங்க.

கேத்தலுக்கு வினாகிரி ஊத்திக் கொதிக்க வைக்கச் சொல்ற குறிப்பையும் விட்டுடலாம். அது யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கிணத்துத் தண்ணிக்குச் சரி. நம்ம மலைத்தண்ணி மென்மையானது, உப்புப் படியிறது குறைவு. நமக்குத் தொல்லை தேயிலைக் கறைதான். கோப்பைக்குள்ள அரைக் கரண்டி அப்பச்சோடாவை ஈரத்துணியால வட்டமாத் தேய்ங்க, பழுப்பு விட்டுடும்.

அப்பச்சோடாவையும் தேசிக்காயையும் ஒண்ணாக் கலந்து நுரை பொங்குறதைக் காட்டுவாங்க. பார்க்க நல்லாத்தான் இருக்கும். ரெண்டும் சேர்ந்தா காரமும் செத்து, புளிப்பும் செத்து, மிஞ்சுறது பெரும்பாலும் உப்புத்தண்ணி. ஒண்ணு முடிஞ்சு கழுவினதுக்கு அப்புறம் மத்ததைப் போடுங்க. கக்கூஸுக்குப் போடுற பிளீச்சிங் பவுடரோட மட்டும் வினாகிரி, தேசிக்காய், புளி எதையும் சேர்த்துடாதீங்க. குளோரின் வாயு கிளம்பும். குளிருக்காகக் கதவு, யன்னலை அடைச்சு வச்சிருக்கிற வீட்டுல அது உயிருக்கே ஆபத்து.

அலமாரி ஈரத்துக்கு உப்பு வைக்கச் சொல்வாங்க. உப்புப் போத்தலே தண்ணி விடுற ஊர்ல அது எத்தனை நாளைக்கு? அணைச்ச அடுப்புக்கரியைத் துணியில முடிஞ்சு வைங்க, வாடையாவது குறையும். வெயில் வந்தா முடிச்சையும் காயப் போடுங்க, அலமாரிக் கதவையும் திறந்து விடுங்க.

துருப்பிடிச்ச கத்திக்கு உருளைக்கிழங்கு போதும். கிழங்கைப் பாதியா வெட்டி, வெட்டுவாயை உப்புல தொட்டுத் தேய்ங்க. கிழங்குல இருக்கிற ஒக்சாலிக் அமிலம் துருவைக் கரைக்கும். கழுவி, அடுப்போரம் காய வச்சு, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிடுங்க. தேயிலைச் சாயத்தை மட்டும் இரும்புல படவிடாதீங்க, கன்னங்கரேல்னு ஆயிடும். வடிகட்டின சக்கையையும் குசினி மூலையில குவிக்காம அன்னன்னைக்கே லீக்ஸ் பாத்திக்குக் கொண்டுபோய்ப் போடுங்க. ஈரமாக் கிடந்தா ரெண்டு நாள்ல பூத்திடும்.