கடைக் கணக்கு உன் கண்ணில் இருக்கட்டும்

அன்புக் கண்ணுக்கு,

பெரியப்பா எழுதுவது. கடைச் சாவியை உன்னிடம் கொடுத்துவிட்டதாக உன் அப்பன் போனில் சொன்னான். மனசு நிறைந்தது. கூடவே, "ஜிஎஸ்டியெல்லாம் ஆடிட்டர் பாத்துக்குவார், அவளுக்கு அந்தக் கவலை இல்லை" என்றான். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆடிட்டரைக் குறை சொல்லவில்லை. அவர் ரிட்டர்ன் போடுவார். எந்த லோடு வந்தது, எந்த பைப்பைத் திருப்பி அனுப்பினோம் என்பதெல்லாம் கடையில் நிற்கிற உனக்குத்தானே தெரியும்? 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோது நானும் எல்லாவற்றையும் அடுத்தவர் தலையில் கட்டியவன்தான். மாசக் கடைசியில் பில்களை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தனுப்பிவிட்டு வேறு வேலை பார்ப்பேன். வாட் காலத்துப் பழக்கம்.

2022-ல் கையைச் சுட்டுக்கொண்டேன். ஒரு டீலரிடம் ஒரு லட்ச ரூபாய்க்கு மோட்டார் வாங்கி, வரி 18,000-மும் சேர்த்து முழுப் பணத்தையும் கொடுத்தேன். பில் கையில் இருந்தது. ஆனால் அவர் தன் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1-ஐப் போடவே இல்லை. விற்றவர் கணக்கில் ஏற்றி, அது ஜிஎஸ்டி போர்ட்டலில் நமக்கு வரும் பர்ச்சேஸ் பட்டியலான 2பி-யில் இருந்தால்தான், கொடுத்த வரிக்கு கிரெடிட் என்று அந்த ஜனவரியிலிருந்து சட்டம் மாறியிருந்தது. நான் 2பி-யைத் திறந்துகூடப் பார்க்காமல் கிரெடிட்டை எடுத்துவிட்டேன். விஷயம் தெரிந்து நான் போய் நின்றபோது அவர் கடை பூட்டிக் கிடந்தது. 18,000-த்தை வட்டியோடு நானே கட்டினேன்.

அதனால் 14-ஆம் தேதியை மறக்காதே கண்ணு. மாசாமாசம் 2பி வருகிற நாள் அது. பர்ச்சேஸ் பில்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீயே ஒவ்வொன்றாக டிக் அடி. விடுபட்டது இருந்தால் அன்றைக்கே டீலருக்குப் போன் போடு. பிந்தி ஏற்றினாரென்றால் அடுத்த மாசம் வரும். அதுவரை அந்த கிரெடிட்டை எடுக்காதே. பாக்கி இருந்தால் வரிப் பணத்தை மட்டுமாவது நிறுத்தி வை. கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

நம்மால் பிறர் கிரெடிட்டும் போய்விடக் கூடாது. போர்வெல் போடும் காண்ட்ராக்டர் ஒருவருக்கு பில் போட்டபோது அவர் ஜிஎஸ்டி நம்பரில் 'ஓ' எழுத்து வர வேண்டிய இடத்தில் நம் பையன் பூஜ்யத்தை எழுதிவிட்டான். மனிதர் கடை வாசலில் வந்து நின்றபோது எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை. மொத்தம் 15 இடம்: தமிழ்நாட்டு நம்பர் என்றால் 33-ல் தொடங்கும், அடுத்த பத்தும் அவருடைய பான் நம்பர். போர்ட்டலில் அடித்தால் கடைப் பெயர் வரும்; சரிபார்த்துவிட்டு பில் போடு. 2025 ஜூலைக் கணக்கிலிருந்து ஜிஎஸ்டிஆர்-1-ல் ஏற்றிய விற்பனை வரி அப்படியே, வரி கட்டும் ரிட்டர்னான 3பி-யில் வந்து உட்கார்ந்துகொள்கிறது, அங்கே கைவைக்க முடியாது. தப்பு இருந்தால் 3பி போடுவதற்கு முன்பே ஜிஎஸ்டிஆர்-1ஏ-வில் திருத்த வேண்டும். 3பி-க்குக் கடைசி நாளான 20-ஆம் தேதி ராத்திரி உட்கார்ந்து பார்த்தால் ஆகுமா?

தெர்மல் பேப்பரில் அடித்த பில்லின் எழுத்து வெயிலிலும் சூட்டிலும் மங்கிவிடும். இரும்பு பீரோவில் வைத்த என் பழைய பில்களை எடுத்தால் வெள்ளைத் தாள்தான் இருந்தது. கணக்கையோ ஆறு வருஷத்துக்கு மேல் வைத்திருக்கச் சொல்கிறது சட்டம். தினமும் ஷட்டர் இறக்குமுன் அன்றைய பில்களைப் போட்டோ எடுத்துவிடு. பத்து நிமிஷ வேலை.

இன்னொன்று, இதுதான் என் பெரிய பயம். போர்ட்டலில் யார் போன் நம்பர், யார் ஈமெயில் இருக்கிறது? உன் அப்பனுக்குத் தெரியவில்லை. நோட்டீஸ் இப்போது தபாலில் வரும் என்று காத்திருக்க முடியாது. போர்ட்டலில் ஏற்றுவதையும் நோட்டீஸ் கொடுக்கும் ஒரு வழியாகச் சட்டம் சொல்கிறது. அதைப் பார்க்காமலே விட்டு, வரி போட்டு ஆர்டரும் வந்த பிறகு சென்னை உயர்நீதிமன்றத்துக்கு ஓடிய வியாபாரிகள் ஏராளம். உன் நம்பருக்கு மாற்றச் சொல். ஓடிபி உன் போனுக்கு வரட்டும். எதற்கு என்று கேட்காமல் யாருக்கும் சொல்லாதே. வாரம் ஒருமுறை உள்ளே போய் நோட்டீஸ் பகுதியைப் பார்.

வரும் 14-ஆம் தேதி காலை பஸ்ஸில் கோபிக்கு வருகிறேன். போன மாசத்துப் பர்ச்சேஸ் பில்களைத் தேதிவாரியாக அடுக்கி வை. முதல் தடவை இரண்டு பேருமாக உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
பெரியப்பா