கதிரும் காப்பும்

நுழையும்முன்

அணுக்கருவிலிருந்து வெளிப்படும் கதிர்களுக்கு நிறமில்லை, மணமில்லை, ஓசையுமில்லை. ஆயினும், தடித்த எஃகினுள் மறைந்திருக்கும் குறையைக் காட்டவும், உயிருள்ள செல்களைச் சிதைக்கவும் அவற்றால் இயலும். திருச்சிராப்பள்ளியின் தொழிற்கூடங்களில் பயன்படும் இக்கதிர்கள் எவற்றை ஊடுருவுகின்றன, எவற்றால் தடுக்கப்படுகின்றன என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கொதிகலனும் கதிரும்

திருச்சிராப்பள்ளிக்குக் கிழக்கே, தஞ்சாவூர் செல்லும் சாலையில் உள்ளது திருவெறும்பூர். அங்குள்ள பாரத மிகுமின் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் ஆலை 1965ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. அனல்மின் நிலையங்களுக்குரிய கொதிகலன்கள் அங்கே உருவாகின்றன. அவற்றின் உறுப்புகளைச் செய்து தரும் சிறு தொழிற்கூடங்கள் துவாக்குடி வரை பரவியுள்ளன.

பெரிய கொதிகலன் ஒன்றில் குழாய்களை இணைக்கும் பற்றவைப்புகள் பல்லாயிரம் இருக்கும். அவற்றுள் ஒன்றில் மயிரிழை போன்ற வெடிப்பு இருந்தாலும், உயரழுத்த நீராவி அவ்விடத்தைப் பிளந்து வெளியேறக்கூடும். அருகில் நிற்பவரின் உயிருக்கே அது ஊறு விளைவிக்கும். எனவே, பற்றவைத்த இடத்தின் உட்புறத்தைச் சோதித்தாக வேண்டும். ஆனால், சோதிப்பதற்காகக் குழாயை அறுத்துப் பார்த்தல் இயலாது. அறுக்காமலே உள்ளிருப்பதைக் காட்டுவது காமாக் கதிர். எஃகை ஊடுருவும் அக்கதிர், எஃகுக்கு அருகில் நிற்கும் மனிதரையும் ஊடுருவும். கதிரைப் பயன்படுத்துவோர் அதைத் தடுக்கும் வழியையும் அறிந்திருக்க வேண்டியதன் காரணம் இதுவே.

தடையால் பெற்ற பெயர்கள்

யுரேனிய உப்பிலிருந்து ஒருவகைக் கதிர் தானாகவே வெளிப்படுவதை 1896இல் பிரெஞ்சு அறிஞர் பெக்கரல் கண்டறிந்தார். அக்கதிரின் இயல்பை அறிய, ரூதர்ஃபோர்டு எளிய சோதனை ஒன்றைச் செய்தார். யுரேனியத்தின்மீது மெல்லிய உலோகத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு தகட்டிற்கும் கதிரின் வலிமை எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். முதற்சில தகடுகளிலேயே ஒரு பகுதி பெரிதும் குறைந்துவிட்டது. எஞ்சிய பகுதியோ மேலும் பல தகடுகளைக் கடந்து சென்றது. எளிதில் தடைபட்டதை ஆல்பா என்றும், கடந்து சென்றதைப் பீட்டா என்றும் 1899இல் அவர் பெயரிட்டார். அவ்விரண்டையும் விஞ்சி ஊடுருவும் மூன்றாம் வகையை 1900இல் வில்லார்டு கண்டறிந்தார். பின்னர் அது காமா எனப் பெயர் பெற்றது. இவ்வாறு, எது எவ்வளவு தடுக்கிறது என்னும் கேள்வியிலிருந்தே இவ்வகைப்பாடு பிறந்தது.

ஆல்பாவும் பீட்டாவும்

ஆல்பாத் துகள் இரண்டு புரோட்டான்களும் இரண்டு நியூட்ரான்களும் சேர்ந்தது, நேர்மின்சுமை உடையது. எலக்ட்ரானைவிட ஏழாயிரம் மடங்கிற்கும் மேலான நிறை கொண்டது. செல்லும் வழியிலுள்ள அணுக்களை அயனியாக்கிக்கொண்டே செல்வதால், விரைவில் தன் ஆற்றல் முழுவதையும் இழந்துவிடுகிறது. காற்றில் சில சென்டிமீட்டர் தொலைவே அது செல்லும். ஒரு தாள் அதைத் தடுத்துவிடும். மனிதத் தோலின் புறத்தேயுள்ள இறந்த செல்களின் அடுக்கும் தடுத்துவிடும். ஆயினும், ஆல்பாவை வெளியிடும் பொருள் மூச்சுக்காற்றோடோ உணவோடோ உடலுக்குள் புகுந்துவிட்டால் நிலைமை மாறிவிடும். அங்கே தடுப்பதற்குத் தாளுமில்லை, இறந்த தோலுமில்லை. ஆற்றல் முழுவதும் உயிருள்ள செல்களின்மீதே இறங்கும்.

பீட்டாத் துகள் மிகுவிரைவில் செல்லும் எலக்ட்ரான். காற்றில் சில மீட்டர் வரை அது செல்லக்கூடும். சில மில்லிமீட்டர் தடிமனுள்ள அலுமினியத் தகடோ நெகிழித் தகடோ அதைத் தடுத்துவிடும். காரீயம் கனமானது என்பதற்காகப் பீட்டாவுக்கு முதல் தடையாக அதை வைத்தல் பொருந்தாது. விரைந்து வரும் எலக்ட்ரான் கனமான அணுக்களால் திடீரென வேகம் குறையும்போது எக்ஸ் கதிர் தோன்றுகிறது. ஆதலால், வலிமைமிக்க பீட்டாவுக்கு முதலில் நெகிழியும், அதன் புறத்தே காரீயமும் வைக்கப்படுகின்றன.

ஏழு சுற்றுகளும் காமாவும்

ஆல்பாவும் பீட்டாவும் ஓர் எல்லையில் முற்றிலும் நின்றுவிடுகின்றன. காமாவுக்கு அத்தகைய எல்லை இல்லை. அது மின்சுமையோ நிறையோ இல்லாத ஆற்றல் அலை. குறிப்பிட்ட தடிமனுள்ள சுவர் அதில் பாதியைத் தடுக்கும். மறுபாதி கடந்து செல்லும். அதே தடிமனுள்ள அடுத்த சுவர், கடந்து வந்ததில் பாதியைத் தடுக்கும். இவ்வாறு பாதியாகக் குறைக்கும் தடிமன் 'அரைமதிப்புத் தடிமன்' எனப்படும்.

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே அமைந்த திருவரங்கம், மதில் சூழ்ந்த ஏழு திருச்சுற்றுகளை உடையது. வெளிச்சுற்றுகளில் வீடுகளும் கடைவீதிகளும் உள்ளன. வெளியிலிருந்து 128 பேர் உள்நோக்கி நடப்பதாகவும், ஒவ்வொரு மதிலிலும் பாதிப்பேர் நின்றுவிடுவதாகவும் கொள்வோம். முதல் மதிலைக் கடப்போர் 64 பேர். அடுத்து 32, 16, 8, 4, 2 என எண்ணிக்கை குறையும். ஏழாம் மதிலைக் கடப்பவர் ஒருவரே. காமாவின் கணக்கும் இதுவே. ஏழு அரைமதிப்புத் தடிமன்கள் கதிரை 128இல் ஒரு பங்காகக் குறைக்கும். ஆனால், புறப்பட்டவர் 1,28,000 பேராயின், ஏழு மதில்களையும் கடந்து ஆயிரம் பேர் உள்ளே இருப்பர். எனவே, 'இச்சுவர் போதுமா?' என்னும் கேள்விக்குச் சுவரை மட்டும் பார்த்து விடை கூற முடியாது. கதிர்மூலத்தின் வலிமையையும் அறிந்தாக வேண்டும்.

கோபால்ட்-60 வெளியிடும் காமாவைப் பாதியாக்க ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் காரீயமோ, 21 மில்லிமீட்டர் எஃகோ, 6 சென்டிமீட்டர் கான்கிரீட்டோ தேவை. இரிடியம்-192இன் காமா ஆற்றல் குறைந்தது. அதைப் பாதியாக்க ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் காரீயமோ 13 மில்லிமீட்டர் எஃகோ போதும். அடர்த்தி மிக்க பொருள் குறைந்த தடிமனிலேயே பயன் தருகிறது. கான்கிரீட் தடிமனாக வேண்டப்படினும், விலை குறைந்தது, சுவராகவும் நிற்கக்கூடியது.

தெரிந்து தெளிவோம்

கருங்கல் வகைப் பாறைகளில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 ஆகியன மிகச் சிறிதளவு உள்ளன. மண்ணிலிருந்தும் வான்வெளியிலிருந்தும் வரும் இயற்கைக் கதிர்வீச்சால் ஒருவர் ஆண்டொன்றுக்குப் பெறும் அளவு, உலகச் சராசரியில் ஏறத்தாழ 2.4 மில்லிசீவர்ட் ஆகும்.

குறையைக் காட்டும் கருமை

பற்றவைப்பின் ஒருபுறம் இரிடியம்-192 மூலமும், மறுபுறம் படச்சுருளும் வைக்கப்படுகின்றன. முழுமையான எஃகு கதிரை ஓரளவு தடுத்துவிடும். குமிழோ வெடிப்போ உள்ள இடத்தில் எஃகு குறைவாதலால் கதிர் மிகுதியாகக் கடக்கும். படத்தில் அவ்விடம் கருமையாகத் தோன்றும். மிகத் தடித்த எஃகுக்குக் கோபால்ட்-60 பயன்படுகிறது. இரிடியத்தின் அரை ஆயுட்காலம் 74 நாள், கோபால்ட்டினுடையது 5.27 ஆண்டுகள்.

பயன்படாத வேளையில் இம்மூலம், யுரேனியம்-235 பெருமளவு நீக்கப்பட்ட யுரேனிய உறைக்குள் இருக்கும். காரீயத்தைவிட அடர்த்தி மிக்க அவ்வுலோகமே இங்குக் காவலாகிறது. பணியாளர் தொலைவில் நின்று, கம்பிவடத்தைச் சுழற்றி மூலத்தை வெளியே செலுத்துவார். பணி முடிந்ததும் உள்ளே இழுப்பார். பின்னர், மூலம் உறைக்குள் திரும்பிவிட்டதா என்பதைக் கதிர்வீச்சு அளவியைக் கொண்டு உறுதி செய்வார். இந்த இறுதிச் செயலைத் தவறவிடுதல் பெருந்தீங்காக முடியும்.

சுவரோடு சேர்ந்து இரண்டு காவல்கள் உள்ளன. அவை தொலைவும் நேரமும் ஆகும். சிறிய மூலத்திலிருந்து தொலைவு இருமடங்கானால் கதிரின் வலிமை நான்கில் ஒரு பங்காகும். பத்து மடங்கானால் நூறில் ஒரு பங்காகும். அருகில் நிற்கும் நேரம் பாதியானால் பெறும் அளவும் பாதியாகும். பணியாளர் ஒருவர் பெறும் அளவு, ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்பது இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரையறை. பொதுமக்களுக்கு அது 1 மில்லிசீவர்ட்.

நியூட்ரானுக்கு வேறு தடை

கல்பாக்கத்திலுள்ளவை போன்ற அணு உலைகளில் நியூட்ரானையும் தடுக்க வேண்டும். மின்சுமையற்ற நியூட்ரான், கனமான காரீய அணுக்கருவில் மோதினால் வேகம் குறையாமல் தெறித்துவிடும். தன்னையொத்த நிறையுள்ள ஹைட்ரஜன் அணுக்கருவில் மோதும்போதே தன் ஆற்றலில் பெரும்பகுதியை இழக்கும். ஆதலால், ஹைட்ரஜன் மிகுந்த நீரும் பாரபின் மெழுகும் நல்ல தடைகளாகின்றன. வேகம் குறைந்த நியூட்ரானைப் போரானும் காட்மியமும் உட்கவர்கின்றன. நீரைத் தன்னுள் கொண்ட கான்கிரீட், காமா, நியூட்ரான் இரண்டையும் ஒருங்கே தடுப்பதால் உலைகளைச் சூழ்ந்து நிற்கிறது.

அறியாமை அகற்றிய சுவர்

2010ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் தில்லியின் மாயாபுரிப் பழம்பொருள் சந்தையில் பெருந்துயர் ஒன்று நிகழ்ந்தது. பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்டு ஏலத்தில் விற்கப்பட்ட ஆய்வுக் கருவி ஒன்று அங்கே வந்து சேர்ந்தது. அதனுள் கோபால்ட்-60 இருந்ததை அங்குப் பணியாற்றியோர் அறியவில்லை. விலைபோகும் உலோகம் எனக் கருதி, காரீயக் காப்புறையைப் பிரித்தெடுத்தனர். கதிர்வீச்சால் பலர் பாதிக்கப்பட்டனர்; ஒருவர் உயிரிழந்தார். காப்புறை இருந்தவரை அக்கருவி தீங்கு செய்யவில்லை. அவ்வுறை எதைத் தடுத்து நின்றது என்பதைத் தொழிலாளர்களுக்கு எவரும் சொல்லவில்லை.

மஞ்சள் நிறப் பின்புலத்தில் மூன்று இதழ்கள் கொண்ட குறி, கதிரியக்கப் பொருளைச் சுட்டும் எச்சரிக்கையாகும். பழம்பொருள் குவியலிலோ பணிக்களத்திலோ அதனைக் கண்டால் தொடாமல் விலகி நின்று, உரியவர்க்குத் தெரிவித்தல் கடமை. கொதிகலனைச் செய்யும் கைகளுக்கும், பழைய இரும்பைப் பிரிக்கும் கைகளுக்கும் இவ்வறிவு சென்று சேர வேண்டும். அதுவே எல்லாத் தடைகளுக்கும் முற்பட்ட காப்பு.

கற்பவை கற்றபின்

1. ஆல்பா, பீட்டா, காமா, நியூட்ரான் ஆகியவற்றுக்குரிய தடைகளையும் அவற்றின் காரணங்களையும் அட்டவணைப்படுத்துக.

2. கோபால்ட்-60இன் காமாவை 32இல் ஒரு பங்காகக் குறைக்கத் தேவையான எஃகின் தடிமனைக் கணக்கிட்டு, வகுப்பறையில் விளக்குக.

3. பழம்பொருள் கடைகளில் பணியாற்றுவோர்க்குப் புரியும் வகையில், கதிரியக்க எச்சரிக்கைக் குறி குறித்த துண்டறிக்கை ஒன்றை எளிய தமிழில் உருவாக்குக.