பிள்ளைகளிடம் பொறுப்பை ஒப்படைப்போம்

 

10 வயதுப் பையனுக்கு இன்று நம் வீடுகளில் என்ன வேலை இருக்கிறது? புத்தகப் பையை உம்மா அடுக்கித் தருகிறார். சாப்பிட்ட தட்டை அக்கா எடுக்கிறாள். மத்ரஸாவுக்கு வாப்பா பைக்கில் கொண்டுபோய் விடுகிறார். பாசத்தால்தான் செய்கிறோம். அதே பையன் கல்லூரி விடுதிக்குப் போனதும் துணி துவைக்கத் தெரியாமல், ஃபஜ்ருக்குத் தானாக எழ முடியாமல் திணறுகிறான்.

அனஸ் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் பணிவிடைக்கு வந்தபோது அவருக்கும் வயது சுமார் 10தான். பத்தாண்டுகள் பணி செய்தும், ஒருமுறைகூட நபியவர்கள் தம்மிடம் சலித்துக்கொண்டதில்லை என்று அவரே அறிவிக்கிறார்.

ஒருநாள் நபியவர்கள் அவரை ஒரு வேலையாக அனுப்பினார்கள். வழியில் கடைத்தெருவில் சிறுவர்கள் விளையாடிக்கொண்டிருக்க, அனஸ் அங்கேயே நின்றுவிட்டார். பின்னாலிருந்து யாரோ பிடரியைப் பிடிக்கிறார்கள். திரும்பினால், நபியவர்கள் சிரித்தபடி நிற்கிறார்கள்! 'உனைஸ்' என்று செல்லமாக அழைத்து, சொன்ன இடத்துக்குப் போனாயா என்று கேட்டார்கள். இதோ போகிறேன் என்றார் அனஸ். முஸ்லிமில் பதிவான செய்தி இது. உன்னை நம்பிச் சொன்னதே தவறு என்ற பேச்சு அதில் இல்லை. வேலை அவரிடமே இருந்தது.

நாம் தக்காளி வாங்க அனுப்புகிறோம். இரண்டு அழுகியது வந்துவிட்டால், இனி நீ போகவே வேண்டாம் என்கிறோம். அடுத்த தடவை பார்த்துப் பொறுக்குவான் என்பதற்குள் வேலையைப் பிடுங்கிவிடுகிறோம்.

இன்னொரு நாள் இரகசியமான ஒரு வேலை. தாமதமாக வீடு திரும்பிய மகனிடம் தாய் உம்மு சுலைம் (ரலி) காரணம் கேட்டார். நபியவர்கள் அனுப்பிய வேலை, அது இரகசியம் என்றார் மகன். பெற்றவளிடமே மறைக்கிறாயா என்று தாய் கோபப்படவில்லை. யாரிடமும் சொல்லிவிடாதே என்றார். (பிள்ளைகளை யாரும் இரகசியம் காக்கச் சொன்னால் பெற்றோர் பயப்படுவது இக்காலத்தில் நியாயமே. அனுப்பியவர் யார் என்பது அந்தத் தாய்க்குத் தெரிந்திருந்தது என்பதையும் சேர்த்தே பாருங்கள்.)

தொழுகையை 7 வயதில் ஏவச் சொன்ன மார்க்கம், கண்டிப்பை 10 வயதில்தான் வைத்தது. இடையில் மூன்று ஆண்டுகள். தினம் 5 வேளை என்றால் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நினைவூட்டல்கள்! தட்டு கழுவ, பாய் மடிக்க நாம் எத்தனை தடவை பொறுமையாகச் சொல்லியிருப்போம்? இதை மகள்களுக்கு மட்டும் சொல்லாதீர்கள். நபியவர்களே வீட்டு வேலைகளில் ஈடுபட்டிருந்து, தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலையை முழுதாக ஒப்படையுங்கள். வெள்ளிக்கிழமைக் கறி வாங்குவது என்றால் காசு, பேரம், மீதி, கணக்கு எல்லாம் அவன் கையில். வளைகுடாவில் இருக்கும் வாப்பாமார்கள் போனில் மதிப்பெண்ணை மட்டும் கேட்காமல், அந்த வேலை என்னவாயிற்று என்றும் கேளுங்கள். மீதியில் பத்து ரூபாய் குறைந்திருந்தால், அதையும் சிரித்தபடியே கேளுங்கள்.