காலம் தாழ்த்துவோரும் அவசரக் கட்டணமும்

விதைப்பதற்கு ஒரு பருவம் இருப்பதுபோல் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்வதற்கும் ஒரு பருவம் உண்டு. ஆடிப்பட்டத்தை ஒருநாளும் தவறவிடாத குடும்பங்கள்கூட அதே ஆடி மாதத்தில் வரும் ஜூலை 31ஐ நினைவில் வைப்பதில்லை. கடைசி இரண்டு நாள்களில் துணிப்பையில் தாள்களைத் திணித்துக்கொண்டு ஆடிட்டர் அலுவலக வாயிலில் நிற்போரைக் கவனித்தால், ஆண்டுதோறும் பெரும்பாலும் அதே முகங்களே தென்படும். இத்தகையோரிடம் வழக்கமான கட்டணத்திற்கு மேல் 'அவசரக் கட்டணம்' என ஒரு தொகையை ஆடிட்டர்களுள் சிலர் பெறுகின்றனர். இது முறையன்று என்பர் ஒரு சாரார். இன்னும் கூடுதலாகவே பெறலாம் என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் சினத்தோடு பேசுவதால், நாம் இதனைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

முதலில் பணியின் நடைமுறையை அறிதல் வேண்டும். மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் பெறுவோர்க்கு வரிப் பிடித்தச் சான்றாகிய படிவம் 16ஐ ஜூன் 15க்குள் நிறுவனம் வழங்க வேண்டும் என்பது விதி. ஆகவே ஏப்ரல் மாதமே ஆடிட்டரிடம் செல்லாததற்கு எவரையும் குறை கூறுதற்கில்லை. சான்று கைக்கு வந்த பின் ஏறத்தாழ 40 வேலை நாள்கள் எஞ்சுகின்றன. இனி ஒரு கணக்குப் போடுவோம். ஓர் ஆடிட்டரும் இரண்டு உதவியாளரும் உள்ள சிறிய அலுவலகத்தில் 300 பேரின் கணக்குகள் உள்ளன என்க. அனைவரும் சீராக வந்தால் நாளொன்றுக்கு 7 அல்லது 8 கணக்குகளே முடிக்க வேண்டும். பாதிப் பேர் கடைசி ஐந்து நாளில் வந்தால் என்னாகும்? முதல் 35 நாள்களில் நாளொன்றுக்கு நான்கு கணக்கு. பின்னர் ஐந்து நாளும் நாளொன்றுக்கு முப்பது! கணக்குகளின் எண்ணிக்கை மாறவில்லை, கட்டணமும் மாறவில்லை, அப்பளு மட்டும் நாற்பது நாளிலிருந்து சில இரவுகளுக்குள் ஒடுங்கிவிடுகிறது. அந்த இரவுகளில் விழித்திருப்போர் பெரும்பாலும் பயிற்சி பெறும் இளைஞர்களும் உதவியாளர்களுமேயன்றி, தாமதித்தவர் அல்லர்.

இது கற்பனைக் கணக்குதானே என்று எண்ணற்க. 2024ஆம் ஆண்டு ஜூலை 31 வரை நாடெங்கும் தாக்கலான வருமான வரிக் கணக்குகள் 7 கோடியே 28 லட்சத்திற்கும் மேல் என வருமான வரித்துறை அறிவித்தது. அவற்றுள் ஏறத்தாழ 70 லட்சம் அந்த ஒரே நாளில் வந்தவை. பத்தில் ஒரு பங்கினர் கடைசி நாளின் கதவைத் தட்டியிருக்கின்றனர். கெடுவை நீட்டித்தால் தீருமா எனில், அதற்கும் சான்று உண்டு. 2025ஆம் ஆண்டில் ஜூலை 31 என்ற கெடு, மே மாதத்திலேயே செப்டம்பர் 15க்கு நீட்டிக்கப்பட்டது. 46 நாள்கள் கூடுதலாகக் கிடைத்தன. அவ்வாறிருந்தும் கடைசி நாளில் இணையதளம் திணறுகிறதென முறையீடுகள் எழுந்து, மேலும் ஒரு நாள், அதாவது செப்டம்பர் 16 வரை, நீட்டிக்க நேர்ந்தது. நாற்பத்தாறு நாள் பெற்றவர்க்கும் நாற்பத்தேழாவது நாள் தேவைப்பட்டது!

இனி, அவசரக் கட்டணம் என்பது யாது? இச்சொல்லுள் மூன்று வேறு பொருள்கள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தறியாமையே வழக்கின் வேர் என்று நாம் கருதுகிறோம். கூடுதல் உழைப்புக்குரிய ஊதியம் என்பது ஒரு பொருள். இரவுப் பணிக்கு உதவியாளர்க்குத் தர வேண்டிய கூடுதல் சம்பளம், சிற்றுண்டி, வீடு திரும்ப ஆட்டோ செலவு ஆகியவை இதில் அடங்கும். தவறுக்குரிய தண்டம் என்பது அடுத்த பொருள். பள்ளியில் நூலகப் புத்தகத்தைத் திருப்பித் தராதவரிடம் பெறும் அபராதம் இவ்வகையினது. மூன்றாவது, முன்னுரிமைக்குரிய விலை. ரயிலில் தட்கல் சீட்டுப் பெறுவோர் கூடுதல் தொகை தருவதும், கடவுச்சீட்டை விரைந்து பெற வழக்கமான 1,500 ரூபாயோடு மேலும் 2,000 ரூபாய் தருவதும் இத்தகையன. தட்கல் சீட்டு எடுப்பவரைக் குற்றவாளி என எவரும் கூறார். அவர் விலை கொடுக்கிறார், வசதி பெறுகிறார், அவ்வளவே.

ஆடிட்டர் மனத்தில் தண்டம் என எண்ணிப் பெறுவதைக் கட்சிக்காரர் விலை என எண்ணித் தருவாராயின் என்ன நேரும்? இஸ்ரேல் நாட்டு ஹைஃபா நகரில் இதனைச் சோதித்துப் பார்த்தனர். யூரி கினீஸி, ஆல்டோ ருஸ்டிக்கீனி என்னும் பொருளியல் அறிஞர் இருவர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு அது. பத்துக் குழந்தைகள் காப்பகங்களை 20 வாரங்கள் கவனித்தனர். மாலையில் குழந்தையை அழைத்துச் செல்லத் தாமதமாக வரும் பெற்றோர்க்காக ஆசிரியை ஒருவர் காத்திருக்க நேரிடும். ஆறு காப்பகங்களில், பத்து நிமிடத்திற்கு மேல் தாமதித்தால் 10 ஷெக்கல் அபராதம் என அறிவித்தனர். தாமதம் குறைந்திருக்கும் என்றுதானே நினைக்கிறோம்? இல்லை, கூடியது. ஏறத்தாழ இருமடங்காயிற்று. பின்னர் அபராதத்தை நீக்கியபோதும் தாமதம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அதுவரை ஆசிரியையைக் காக்கவைக்கிறோமே என்று கூசிய பெற்றோர், பணம் செலுத்தத் தொடங்கியதும் கூசுவதை விட்டனர். காத்திருப்பு விலைக்குக் கிடைக்கும் பண்டமாயிற்று.

இதைப் படித்தபோது, நாம் பணியாற்றிய ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நிகழ்ந்த ஒன்று நினைவுக்கு வந்து சிரித்துக்கொண்டோம். பாடக்குறிப்பேட்டைக் காலையில் வைக்காத மாணவியர்க்கு நாளொன்றுக்கு 25 காசு அபராதம் என ஒரு திட்டம் அங்கே இருந்தது. ஒரு மாணவி மாதத் தொடக்கத்திலேயே ஐந்து ரூபாய்த் தாளை மேசைமேல் வைத்து, "இருபது நாளைக்கு, டீச்சர்" என்றாள். அவள் கணக்கில் பிழையொன்றுமில்லை.

ஆகவே சிறு தொகையாக விதிக்கும் அவசரக் கட்டணம் பழக்கத்தை மாற்றும் என நம்புவது வீண். ஐந்நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டோம் என்ற நிறைவோடு அவர் அடுத்த ஆண்டும் ஜூலை 30ஆம் நாளே வருவார். மேலும் அதிகாரத்தோடும் வருவார். கெடு நாளன்று இரவு பதினொரு மணிக்குக் கணக்கு முடிந்து, செல்பேசிக்கு வந்த ஓ.டி.பி. எண்ணைக் கேட்க அழைத்தால் எடுக்காமல் உறங்கிவிடுபவரும் அவரே. (கணக்கைப் பதிவேற்றிய பின் 30 நாளுக்குள் அதனை உறுதிப்படுத்தவும் வேண்டும் என்பதை இவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.)

அங்ஙனமாயின் தொகையைப் பெரிதாக்கலாமே என்ற கேள்வி எழும். இங்கேதான் ஆடிட்டர் பக்கமும் ஆராயப்பட வேண்டியுள்ளது. கெடு தவறினால் கட்சிக்காரர்க்கு நேரும் இழப்பு யாது எனப் பார்ப்போம். ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேல் வருமானமுள்ளவர் ஜூலை 31க்குள் செய்ய வேண்டியதை ஆகஸ்ட் 20இல் செய்தால் தாமதக் கட்டணம் 5,000 ரூபாய். வருமானம் ஐந்து லட்சத்திற்குள் எனில் 1,000 ரூபாய். இம்முறை 2017ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தால் வந்தது. செலுத்த வேண்டிய வரி 40,000 ரூபாய் நிலுவை என்றால், மாதத்திற்கு அல்லது மாதத்தின் ஒரு பகுதிக்கு 1 விழுக்காடு வட்டி, அதாவது 400 ரூபாய். முன்கூட்டிய வரி செலுத்தாமைக்கு வட்டி இருப்பின் அது தனி. இவற்றினும் பெரிய இழப்புகள் உண்டு. பங்கு விற்பனையில் ஏற்பட்ட நட்டத்தை எட்டு ஆண்டுகள் வரை முன்கொண்டு சென்று கழித்துக்கொள்ளும் உரிமை, கெடுவுக்குள் தாக்கல் செய்தவர்க்கே கிடைக்கும். சேமிப்புக் கழிவுகள் உள்ள பழைய வரி முறையைத் தேர்ந்தெடுக்க விரும்பும் சம்பளக்காரர், 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், அதனையும் கெடுவுக்குள்ளேயே செய்தாக வேண்டும்.

இவ்விழப்புகளை ஆடிட்டர் நன்கறிவார். "இவர்க்கு 5,400 ரூபாய் போகவிருக்கிறது, ஆகவே 4,000 கேட்டாலும் தருவார்" என அவர் எண்ணுவாரானால், அவர் அளப்பது தம் உழைப்பையன்று, எதிரில் நிற்பவரின் அச்சத்தை. ஊதியம் உழைப்பைச் சார்ந்திருக்க வேண்டும் என்பதற்கு அத்தொழிலின் சட்டத்திலேயே ஒரு குறிப்பு உள்ளது. 1949ஆம் ஆண்டுப் பட்டயக் கணக்காளர் சட்டத்தின் முதல் அட்டவணை, இலாபத்தில் இத்தனை விழுக்காடு என்றோ, விளைவைப் பொறுத்து இவ்வளவு என்றோ கட்டணம் பெறுவதை, விதிகள் அனுமதிக்கும் சிலவற்றைத் தவிர, தொழில் ஒழுக்கக்கேடாக வகுத்திருக்கிறது. அவசரக் கட்டணத்தை அச்சட்டம் தடுக்கிறது என்று நாம் கூறவில்லை. ஆனால் அதன் உட்கருத்தை இங்கும் பொருத்திப் பார்க்கலாம் என்பது நம் துணிபு.

மேலும் ஒன்று. அவசரக் கட்டணத்தை எப்போது அறிவித்தார் என்பது, எவ்வளவு என்பதைக் காட்டிலும் இன்றியமையாதது. ஏப்ரல் மாதத்தில், "ஜூலை 10க்குப் பின் தாள்களைத் தருவோர்க்குக் கட்டணம் இவ்வளவு கூடும், 25க்குப் பின் தந்தால் கெடுவுக்குள் முடியும் என உறுதி கூற இயலாது" என எழுதி அனுப்பினால் எவரும் குறை சொல்ல இடமில்லை. ஜூலை 29இல், தாள்களை மேசைமேல் பரப்பி வைத்த பிறகு கூறினால்? அப்போது கட்சிக்காரர் வேறெங்கும் செல்ல முடியாது. ஆற்றின் நடுவே படகை நிறுத்திக் கூலியை உயர்த்துவது போன்றது அது. தாமதித்தவர் செய்தது பிழைதான். அதற்காக இதுவும் முறையாகிவிடாது.

மேற்கூறிய அறிவிப்பின் இரண்டாம் பகுதியே பயனுள்ளது என்று நமக்குத் தோன்றுகிறது. பணம் கொடுத்துத் தீர்த்துக்கொள்ள முடியாத ஒன்றை அது கூறுகிறது. வரிசையின் இடத்தை விலைக்கு விற்றால், ஜூன் மாதமே தாள்களைத் தந்துவிட்டு அமைதியாகக் காத்திருப்பவரின் கணக்கு பின்னே தள்ளப்படும். எவரும் எண்ணிப் பாராத மூன்றாமவர் இவர். முன்னரே வந்தவர் முடியும்வரை பின்னர் வந்தவரைத் தொடேன் என்று நிற்கும் ஆடிட்டர்க்கு அபராதம் விதிக்க வேண்டிய தேவையே குறையும். சிலர் கட்டணத்தை 2,500 ரூபாய் எனக் கூறி, ஜூன் மாதத்தில் வருவோர்க்கு 500 ரூபாய் தள்ளுபடி தருகின்றனர். 2,000 ரூபாய்க்கு மேல் 500 ரூபாய் அவசரக் கட்டணம் என்பதும் இதுவும் கணக்கில் ஒன்றே. ஆயினும் முன்னதில் தண்டனையின் வாடை இல்லை. தாமதத்திற்கு உரிமைச் சீட்டும் அது வழங்குவதில்லை. நாம் இதனையே விரும்புவோம்.

நம்மைப் போன்ற சிறிய சமுதாயத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆடிட்டர் உறவினராக இருப்பார். "தம்பி, நம்ம கணக்கு எங்கே போய்விடப் போகிறது, நீயே பார்த்துக்கொள்" என்று பெரியப்பா முப்பதாம் தேதி மாலை பையை நீட்டுவார். அவரிடம் கட்டணம் கேட்பதே அரிது. அவசரக் கட்டணம் கேட்பது எங்ஙனம்? வெளியார் ஐந்நூறு ரூபாயாவது தந்து தாமதிக்கின்றனர். உறவினர் இலவசமாகவே தாமதிக்கின்றனர். அந்த இளைஞரின் கீழ்ப் பணிபுரியும் பெண், பேருந்து நின்றுபோன வேளையில் வீடு செல்ல வழி தேடும்போது, பெரியப்பாவின் உரிமை எவர் தோள்மேல் ஏறி அமர்ந்திருக்கிறது என்பதை அவர் அறியார். மருமகன் அவரிடம் எதுவும் கூறான், அத்தை கூறலாம். நம் வீட்டுப் பெண்கள் இச்செய்தியை எடுத்துச் சொல்வதே தக்கது.

இனி, வழக்கமாகத் தாமதிப்பவரையும் ஒருமுறை தாமதிக்க நேர்ந்தவரையும் ஒரே தராசில் இடுதல் ஆகாது. கணவர் மறைந்து மூன்று திங்களே ஆன பெண்ணொருவர், எந்த வங்கியில் எத்தனை வைப்புத்தொகை என்பதைக்கூட இப்போதுதான் அறிந்து கடைசி வாரத்தில் வருகிறார் எனக் கொள்வோம். மறைந்தவரின் சட்டப்படியான வாரிசு என்ற நிலையில் அவர் முதலில் இணையதளத்தில் பதிவு பெற வேண்டும். அதன் பின்னரே கணவரின் கணக்கைத் தாக்கல் செய்ய முடியும். இதில் வேலை மற்றவர் கணக்கைவிடக் கூடுதலே. எனினும் இவரிடம் கூடுதல் தொகை கேட்கும் ஆடிட்டரை நாம் மதிக்க மாட்டோம். நிறுவனம் படிவம் 16ஐத் தாமதமாகத் தந்தமையால் பிந்தியவரும், மருத்துவமனையில் இருந்தவரும் இவ்வகையினரே. உண்மையான இடர்ப்பாடு இருப்பின் தாமதத்தைப் பொறுத்தருளும் அதிகாரத்தைச் சட்டமே வரித்துறைக்கு அளித்திருக்கிறது. சட்டம் காட்டும் கண்ணோட்டத்தை ஓர் அலுவலகம் காட்ட இயலாதா?

இருவரையும் எவ்வாறு வேறுபடுத்துவது என்று கேட்கும் இளம் ஆடிட்டர்க்கு வழி எளிது. அவர் அலுவலகக் குறிப்பேட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே தாள்கள் வந்த நாளை எழுதி வரட்டும். மூன்று ஆண்டு வரிசையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஜூன் 22, ஜூன் 19, ஜூலை 30 என்றிருந்தால் அவ்வீட்டில் என்ன நேர்ந்தது என்று முதலில் விசாரிக்க வேண்டும். ஜூலை 30, ஜூலை 31, ஜூலை 30 என்றிருந்தால் விசாரிக்க ஒன்றுமில்லை. அடுத்த ஏப்ரலில் அவர்க்குத் தபாலில் போகும் கடிதத்தில் ஜூலை 10 என்ற தேதியின் கீழ் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தனுப்பலாம்.