வெள்ளி ரூபாய் தந்த பாடம்

பழைய நாணயம் சேர்ப்பதைப் பொழுதுபோக்கு என்பர் சிலர். எனக்கோ அது வரலாற்றுப் பாடம். அப்பாடம் என் பிழையிலிருந்தே தொடங்கியது.

தாராவியில் வாழும் என் பாட்டி, 1918ஆம் ஆண்டின் வெள்ளி ரூபாய் ஒன்றைத் துணியில் முடிந்து வைத்திருந்தார். திருநெல்வேலியிலிருந்து பம்பாய்க்குப் புறப்பட்டபோது அவருடைய தாயார் கொடுத்தது அது. கறுத்திருந்த அக்காசைப் புளியிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி, மாட்டுங்காவில் நாணயம் சேர்க்கும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். "தம்பி, நூறு வருஷம் படிந்த மெருகை ஒரு நாழிகையில் உரித்துவிட்டாயே!" என்று வருந்தினார் அவர். தேய்த்த காசுக்குச் சேகரிப்போரிடம் மதிப்புக் குறையும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

பின்னர் அவரே விளக்கினார். 1835இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாயை வகுத்தது. அதன் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு வெள்ளி. இரண்டாம் உலகப் போரின்போது, 1940இல், வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947இல் நிக்கல் ரூபாயே வந்தது. அரசின் நெருக்கடியைக் காசின் உலோகமே காட்டிவிடுகிறது அல்லவா?

1911இல் வெளிவந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயின் கதை வேறு. மன்னரின் அங்கியில் பொறித்த யானை, பன்றிபோல் தோன்றியதால் மக்கள் மனம் புண்பட்டது. அரசு அதை நிறுத்தி, 1912இல் யானையைத் திருத்தி வெளியிட்டது. அரிதான அக்காசுக்குப் போலிகள் மிகுதி. எனவே வாங்குமுன் நிறுத்துப் பாருங்கள். காந்தத்தை அருகில் வையுங்கள். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூறாண்டு கடந்த நாணயத்தை நாம் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லலாகாது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

இறுதியாகப் பெரியவர் உருப்பெருக்கியை என்னிடம் நீட்டினார். காசின் பின்புறம், தாமரைக்குக் கீழே சிறு புள்ளி ஒன்று தெரிந்தது. அது பம்பாய் அக்கசாலையின் அடையாளமாம்! இங்கே பிறந்த காசு, நெல்லைச் சீமைக்குப் போய், பாட்டியின் முந்தானையில் மீண்டும் இங்கேயே வந்திருக்கிறது.

என் பிழையைப் பாட்டியிடம் ஒப்புக்கொண்டேன். "விலை குறைஞ்சா என்னடா? அம்மா குடுத்தது அம்மா குடுத்ததுதானே!" என்று சிரித்து, அதை மறுபடியும் துணியில் முடிந்துகொண்டார்.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியிலும் ஒரு காசு இருக்கக்கூடும். தேய்க்காதீர்கள், அதன் கதையைக் கேளுங்கள்.